டர்போ என்னும் பம்பரம்

“டர்போ வண்டிங்ணா. ரீமேப் பண்ணுனதுல இருந்து மிஸ்ஸிங் அடிக்குது. ஒரே டிரபிள்.”

கோவையில் ஒரு கார் பட்டறையில் இளைஞர் ஒருவர் மெக்கானிக்கிடம் இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சு முழுக்கத் தமிழ்தான், ஆனால் பாரத்தைச் சுமக்கும் சொற்கள் எல்லாம் வெளியிலிருந்து வந்தவை. டர்போ, ரீமேப், மிஸ்ஸிங், டிரபிள் என்ற அந்த நான்கின் வேரையும் தேடிப் போனால், அவருடைய வண்டிக்கு என்ன நோய் என்பதற்கான துப்பும் வழியிலேயே கிடைக்கிறது. குறிப்பாக டர்போ. அந்தப் பெயர் இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சொல்லிவந்த பொருளுக்கும், அதைக் கேட்டதும் இன்று நம் மனசில் எழும் பொருளுக்கும் இடையே ஓர் இடைவெளி விழுந்திருக்கிறது. ரீமேப் செய்த வண்டிகள் பல அந்த இடைவெளியில்தான் திக்கித் திணறுகின்றன என்பது என் எண்ணம்.

டர்போ லத்தீன் சொல். சுழல்காற்று, நீர்ச்சுழல், நூல் நூற்கும் கதிரில் மாட்டும் வட்டு, பிள்ளைகள் ஆடும் பம்பரம் எல்லாவற்றுக்கும் ரோமானியர்களிடம் இந்த ஒரே பெயர் இருந்தது. வர்ஜில் தன் ஏனியிட் காவியத்தின் ஏழாம் காண்டத்தில், சித்தம் கலங்கி ஊரெல்லாம் ஓடும் அரசி அமாட்டாவுக்குப் பம்பரத்தை உவமை சொல்கிறார். வெறுமையான கூடத்தில் சிறுவர்கள் அடித்து விரட்டும் பம்பரம் அது. அவர் கையாளும் சொல் டர்போ. ரோமானியச் சிறுவர்கள் பம்பரத்தைத் தரையில் விட்டு, வாரால் அடித்து அடித்தே அதன் சுழற்சி தளராமல் பார்த்துக்கொண்டார்கள். நம்மூர் ஆட்டம் வேறு. கயிற்றைச் சுற்றி வீசிவிட்டால் நம் பங்கு முடிந்தது. ஆனாலும் அந்தக் கயிற்றுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் சாட்டை!

எஞ்சினில் இருக்கும் டர்போ, ரோமானியப் பம்பரத்தின் வகை. ஒவ்வொரு சிலிண்டரும் எரித்து முடித்த புகையை வெளியே தள்ளும்போது, அந்தச் சூடான வாயு ஒரு சக்கரத்தின் இதழ்களில் போய் அறைகிறது. சக்கரம் நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுகளையும் தாண்டிச் சுழல்கிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கிறது. பம்பரம் நின்றுவிடாமல் காப்பது அடுத்தடுத்து விழும் அடி. ஒரு சிலிண்டர் பற்றாமல் போனால் ஓர் அடி பிசகுகிறது.

இந்தச் சொல்லுக்கு இன்னொரு முகமும் உண்டு. டர்போவுக்கு உறவான டர்பா என்ற சொல்லுக்குக் கலவரம், அமளி, கூச்சலிடும் கூட்டம் என்று பொருள். டர்புலன்ஸ், டிஸ்டர்ப் போன்ற ஆங்கிலச் சொற்கள் இந்தக் குடும்பத்தின் பிள்ளைகள். டிரபிள் என்பதும் பழைய பிரெஞ்சு வழியாக உருமாறி வந்த இதே வீட்டுச் சொல்தான். ஆக, அந்த இளைஞர் டர்போ என்று தொடங்கி டிரபிள் என்று முடித்தபோது, ஒரே வேரின் இரண்டு கிளைகளைப் பிடித்து உலுக்கியிருக்கிறார்.

சுழல்வதும் கலங்குவதும் ஒரே சொல்லில் குடியிருப்பதில் எனக்கு வியப்பில்லை. தமிழிலும் ஆற்றுச்சுழல் ஒரு பக்கம், தலைசுற்றல் மறுபக்கம். ஆனால் ஒலி ஒத்துப்போகிறது என்பதற்காக உறவு கொண்டாடிவிடக் கூடாது. தலைப்பாகையைக் குறிக்கும் டர்பன் என்ற சொல் பாரசீகத்திலிருந்து வந்தது. டர்போவுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நம்முடைய துரப்பணம், துருவுதல் போன்ற சொற்களை இழுத்துவந்து டர்போவுக்குத் தமிழ் வேர் காட்ட யாராவது முனைந்தால், அதற்கும் ஒலியைத் தவிர வேறு சான்று கிடையாது.

உண்மையான தமிழ்த் தொடர்பு கடலுக்கடியில் கிடக்கிறது. விலங்குகளுக்குப் பெயரிட்ட லின்னேயஸ், பம்பரம் போலக் கூம்பிச் சுருண்ட ஒரு கடல்நத்தைப் பேரினத்துக்கு டர்போ என்றே பெயர் வைத்தார். பின்னால் வந்த லமார்க், வேறொரு பேரினத்துக்குச் சிறுபம்பரம் என்ற பொருளில் டர்பினெல்லா என்று பெயரிட்டார். தூத்துக்குடியிலும் மன்னார் வளைகுடாவிலும் காலங்காலமாகக் குளித்தெடுக்கும் நம் சங்கின் அறிவியல் பெயர் டர்பினெல்லா பைரம். வலம்புரியும் இந்த இனத்தில் அரிதாகக் கிடைப்பதே. லின்னேயஸ் சங்கை முதலில் வைத்திருந்தது வொலூட்டா என்ற பேரினத்தில். சுருண்டது என்பது அதன் பொருள். டர்போவைக் கழற்றி மேசைமேல் வைத்துப் பார்த்தால், காற்றுச் சக்கரத்தைச் சுற்றி வளைந்து வளைந்து அகன்றுகொண்டே போகும் அலுமினியக் கூட்டுக்குப் பொறியாளர்கள் சொல்லும் பெயர் வொல்யூட். நத்தை என்று செல்லமாகச் சொல்பவர்களும் உண்டு.

இந்தப் பெயரை இயந்திரத்துக்குக் கொண்டுவந்தவர் கிளாட் புர்டென் என்ற பிரெஞ்சுச் சுரங்கப் பொறியாளர். வேகமாகச் சுழலும் நீர்ச்சக்கரங்களைப் பற்றி 1822-இல் பாரிஸ் அறிவியல் கழகத்துக்கு அளித்த கட்டுரையில், லத்தீன் பம்பரத்திலிருந்து டர்பைன் என்ற சொல்லை உருவாக்கினார். சொல் அவருடையது. உருப்படியாக ஓடும் இயந்திரத்தை 1827-இல் செய்துகாட்டியவர் அவருடைய மாணவர் பெனுவா ஃபூர்னேரோன். 1884-இல் இங்கிலாந்தின் சார்லஸ் பார்சன்ஸ் நீராவியால் டர்பைனைச் சுழற்றினார். தமிழ்ப் பாடநூல்கள் இதைச் சுழலி என்று சொல்வது பொருத்தமான பெயர்.

எஞ்சினின் கழிவுப்புகையையே சாட்டையாக்கலாம் என்று கண்டவர் சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூக்கி. காப்புரிமை ஆண்டு 1905. அது ஓடும் இயந்திரமாகப் பயனுக்கு வர இருபது ஆண்டுகள் ஆயின. பிராய்சன், ஹான்சஸ்டாட் டான்சிக் என்ற இரண்டு ஜெர்மன் பயணிகள் கப்பல்களின் டீசல் எஞ்சின்களில் அது பொருத்தப்பட்டபோது, 1,750 குதிரைத்திறன் 2,500 ஆனது. அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக்கின் சான்ஃபோர்டு மாஸ் வேறொரு சிக்கலோடு போராடிக்கொண்டிருந்தார். உயரே போகப் போகக் காற்று மெலிகிறது, விமான எஞ்சினுக்கு மூச்சு முட்டுகிறது. 1918-இல் லிபர்ட்டி என்ற விமான எஞ்சினை ஒரு வண்டியில் ஏற்றி, கொலராடோவின் பைக்ஸ் பீக் மலையுச்சிக்கு, ஏறத்தாழ 4,300 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோனார். கடல்மட்டத்தில் 350 குதிரைத்திறன் தந்த எஞ்சின் அங்கே 230-க்குச் சரிந்தது. டர்போவைப் பூட்டியதும் இழந்ததை எல்லாம் மீட்டுக்கொண்டது.

அந்தக் காலத்தில் அதன் முழுப்பெயர் டர்போசூப்பர்சார்ஜர். நாளடைவில் நடுவிலிருந்த சூப்பர் உதிர்ந்தது, பிறகு சார்ஜரும் உதிர்ந்தது, பம்பரம் மட்டும் எஞ்சியது. உதிர்ந்த சார்ஜரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பிற்கால லத்தீனில் வண்டியில் பாரம் ஏற்றுவதைக் குறித்த சொல் அதன் மூலம். வண்டிக்குப் பெயரான காருஸ் அதற்குள் இருக்கிறது. கார் என்ற சொல்லும் அங்கிருந்து வந்ததே. பாரம் ஏற்றுவது துப்பாக்கியில் மருந்து ஏற்றுவதாகி, பின்பு சிலிண்டருக்குள் காற்றையும் எரிபொருளையும் ஏற்றுவதானது. ஜெர்மனியிலும் இதே கதைதான்: வண்டிக்கும் துப்பாக்கிக்கும் எஞ்சினுக்கும் அவர்கள் சொல்வது லாடன் என்ற ஒரே சொல்.

துப்பாக்கி வந்துவிட்டதால் மிஸ்ஸிங்கையும் இங்கேயே பார்த்துவிடலாம். மிஸ்ஃபயர் என்பது ஆங்கிலத்தில் பதினெட்டாம் நூற்றாண்டுத் துப்பாக்கிக்காரர்களின் பேச்சு. விசையை இழுத்ததும் சிக்கிமுக்கிக்கல் இரும்பில் உரசிப் பொறி விழும். மருந்து நமுத்திருந்தால் பற்றாது. ஆபத்து நேரத்தில் அப்படிப் புஸ்ஸென்று போனவனுக்கு அந்தச் சொல் உயிர்ப் பிரச்சினை. பெட்ரோல் எஞ்சினும் அதே இரண்டைக் கேட்கிறது: ஏற்றிய மருந்து, உரிய நொடியில் ஒரு பொறி. அதனால்தான் பெயர் அலுங்காமல் இடம் மாறியது. நம் பட்டறைகள் அதை மிஸ்ஸிங் என்று சுருக்கி, வினைக்கு அடிக்குது என்று சேர்த்துக்கொண்டன. வெயில் அடிக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது, ஜர்க் அடிக்கிறது என்ற வரிசையில் இதுவும் ஒன்று. ஆங்கிலம் பற்றாமல் போன தீயைச் சொல்கிறது. தமிழ் ஓட்டுநரின் முதுகில் விழும் குலுக்கலைச் சொல்கிறது. நோய் கண்டுபிடிக்க எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது; எப்போது அடிக்கிறது, எங்கே அடிக்கிறது என்ற கேள்விகள் அதிலிருந்து தானாக வருகின்றன.

டர்போ என்ற பெயருக்கு நடந்ததற்குத் திரும்புவோம். 1962-இல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல், ஜெட்ஃபயர் என்ற டர்போ காரை விற்பனைக்கு விட்டது. அழுத்தம் கூடும்போது கலவை நேரம் தவறி வெடித்துவிடாமல் இருக்க, மெத்தனாலும் வாலைவடி நீரும் கலந்த திரவம் ஒன்றை எஞ்சினுக்குள் தெளிக்க வேண்டியிருந்தது. அந்தச் சாதாரணக் கலவைக்கு நிறுவனம் சூட்டிய பெயர் டர்போ-ராக்கெட் ஃப்ளூயிட். தீரத் தீர அதை நிரப்புவது உரிமையாளரின் பொறுப்பு. பலர் நிரப்பவில்லை. பல வண்டிகளில் டர்போவையே கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டர் மாட்டினார்கள். பெயரில் ராக்கெட்டைப் பார்த்தவர்கள் டப்பாவில் தண்ணீரைப் பார்க்கவில்லை.

1973-இல் பிஎம்டபிள்யூ 2002 டர்போ வந்தது. அதன் முன்பக்க ஸ்பாய்லரில் டர்போ என்ற எழுத்துகளை இடவலம் மாற்றி, கண்ணாடி எழுத்தாக எழுதியிருந்தார்கள். முன்னே போகிறவர் தன் பின்பார்வைக் கண்ணாடியில் அதை நேராகப் படித்து ஒதுங்க வேண்டும் என்பது நோக்கம். ஜெர்மனியில் அதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, 1,672 வண்டிகளோடு அந்த மாடல் நின்றுபோனது. ஆனால் சொல் நிற்கவில்லை. எண்பதுகளில் அது வேகம் என்பதற்கான வெறும் அடைமொழியாகிவிட்டது. போர்லாண்ட் நிறுவனம் 1983-இல் டர்போ பாஸ்கலையும் பிறகு டர்போ சி-யையும் வெளியிட்டது. தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் அந்த நீலத்திரையில் முதல் நிரலை எழுதிய தலைமுறைக்கு, டர்போ என்றால் காரைவிட அந்தத் திரைதான் முதலில் நினைவுக்கு வரும். கணினிப் பெட்டியிலும் டர்போ என்றொரு பொத்தான் இருந்தது. பழைய நிரல்கள் தடுமாறாமல் ஓடுவதற்காக வேகத்தைக் குறைக்கவும் அது பயன்பட்டது. 2019-இல் போர்ஷே தன் மின்சாரக் காருக்கு டைகான் டர்போ என்று பெயரிட்டபோது பெயர் பொருளை முழுவதுமாக உதறிவிட்டது. அந்த வண்டியில் புகையும் இல்லை, புகை சுழற்றும் சக்கரமும் இல்லை.

ரீமேப் செய்யப் போகிறவரின் காதில் விழும் டர்போ இந்தக் கடைசிப் பொருளில்தான். அதிக வேகம், அதிகத் திறன். ரீமேப்பில் இருக்கும் மேப் என்ற சொல்லுக்கும் ஓர் அழகான பூர்வீகம் உண்டு. லத்தீனில் மப்பா என்றால் துணி. ரோமில் தேர்ப்பந்தயத்தைத் தொடங்கிவைக்க அதிகாரி கீழே போடும் வெள்ளைத் துணிக்கும் அதே பெயர். துணியில் வரைந்த உலகப்படத்தின் பெயராக மாறி, இன்று எஞ்சின் கணினிக்குள் இருக்கும் எண்பட்டியல்களுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இந்த வேகத்தில், இந்தச் சுமையில், இவ்வளவு எரிபொருள், இவ்வளவு காற்றழுத்தம் என்று சொல்லும் அந்தப் பட்டியல்களை வரைந்து பார்த்தால் மேடும் பள்ளமுமான நிலப்படம் போலவே தெரியும். ரீமேப் செய்கிறவர் அந்த மேடுகளை உயர்த்துகிறார். பொறியைத் தர வேண்டிய பிளக்கும் காயிலும் பழையபடியே இருக்கின்றன.

அழுத்தப்பட்ட காற்றில் பொறி எளிதில் தாவாது. இரு முனைகளுக்கு நடுவே மின்பொறி தாவத் தேவைப்படும் வோல்ட், அழுத்தத்தையும் இடைவெளியையும் பெருக்கி வரும் அளவைப் பொறுத்தது என்று 1889-இல் ஃப்ரீட்ரிக் பாஷன் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர் காட்டினார். பிளக் முனையில் அழுத்தமும் இடைவெளியும் கூடக் கூட, கேட்கும் வோல்ட்டும் ஏறும். டர்போவின் அழுத்தத்தை உயர்த்தினால், பத்தாயிரக்கணக்கான வோல்ட் தரும் காயிலும் ஒரு கட்டத்தில் கைவிரித்துவிடும். மேலைநாட்டு டியூனர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர், பொறி ஊதி அணைவது என்ற பொருளைத் தருகிறது. விளக்கைக் காற்று அணைப்பதாக அது ஒரு படத்தை மனசில் எழுப்பிவிடுகிறது. பெரும்பாலான வண்டிகளில் பொறி அணைவதில்லை, முதலில் தோன்றுவதே இல்லை. காரணம் காற்றின் வீச்சைவிடக் காற்றின் நெருக்கம். படம் தவறினால் வைத்தியமும் தவறும்.

பட்டறையில் மெக்கானிக் ஸ்கேனரை எடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்டார். “எப்பத் தம்பி அடிக்குது? மிதிக்கும்போதா, கியர் மாத்தும்போதா, நின்னுட்டு ஐட்லிங்ல ஓடும்போதா?”

“மூணாவது கியர்ல ஒரே மிதியா மிதிச்சாங்ணா. ரெண்டாயிரம் ஆர்பிஎம் தாண்டுனதும்.”

பாதி வேலை அங்கேயே முடிந்தது. ஐட்லிங்கில் மட்டும் அடித்தால், எங்கேயோ வெடித்த ஹோஸ் வழியாக எஞ்சின் கள்ளத்தனமாகக் காற்று இழுக்கிறதா என்று தேட வேண்டும். கியர் மாற்றும் நொடியில் அடித்தால், ‘பிஷ்ஷ்’ சத்தத்துக்காக மாட்டிய ப்ளோ ஆஃப் வால்வைச் சந்தேகிக்கலாம். சென்சார் அளந்து கணக்கில் எழுதிவிட்ட காற்றை அது வெளியே விட்டுவிடுகிறது. வராத காற்றுக்கும் சேர்த்து எரிபொருள் ஊற்றப்படுகிறது. ஒரே மிதியில், அழுத்தம் உச்சிக்கு ஏறும் இடத்தில் அடித்தால் முதல் சந்தேகம் பொறிமேல். எரிபொருள் பம்பு தள்ளாடினாலும் இதே இடத்தில் அடிக்கும் என்பதால், அதையும் அழுத்தம் பார்த்து ஒதுக்கிவிட வேண்டும்.

ஸ்கேனர் பி0302 என்று காட்டியது. இந்தப் பெயருக்கும் இலக்கணம் உண்டு. பி என்பது எஞ்சினும் அதைச் சார்ந்த பகுதிகளும். அடுத்த சுழியம், எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான குறியீடு என்பதற்கு. 3 என்றால் பொறியும் தீப்பற்றலும். கடைசி இரண்டு இலக்கங்கள் சிலிண்டரின் எண். 00 என்று முடிந்தால், இன்ன சிலிண்டர் என்று சுட்ட முடியாமல் மாறி மாறி அடிக்கிறது என்று பொருள். இரண்டாம் சிலிண்டரின் காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டினார், மூன்றாவதை இரண்டில். குற்றம் காயிலுடையது என்றால் குறியீடு பி0303 ஆகியிருக்க வேண்டும். ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் பி0302 அங்கேயே நின்றது, கூடவே பி0300-ம் வந்திருந்தது. காயில் தப்பித்தது.

நான்கு பிளக்கையும் கழற்றி ஒரு துணியில் வரிசையாக வைத்தார். பீங்கான் வெடிக்கவில்லை, எண்ணெய் ஏறவில்லை. ஃபீலர் கேஜை ஒவ்வொன்றின் வாயிலும் விட்டார். மூன்றில் இடைவெளி 0.8 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். இரண்டாம் பிளக்கில் 0.9 தகடு தாராளமாக நுழைந்தது. கம்பெனி வைத்த அழுத்தத்தில் அந்தப் பிளக் இன்னும் கொஞ்ச காலம் குறையின்றி ஓடியிருக்கும். புதுச் செட் ஒன்றைப் பிரித்து, நடுவிலுள்ள மெல்லிய இரிடியம் முனையைத் தொடாமல், மேல்கொம்பை மட்டும் இம்மி இம்மியாக அழுத்தி எல்லாவற்றையும் 0.65-க்குக் கொண்டுவந்தார். அதே சாலை, அதே மூன்றாவது கியர், அதே மிதி. இந்த முறை வண்டி ஒரே இழுப்பாக ஏறியது.

இடைவெளியை இன்னும் குறுக்கினால் இன்னும் நல்லதா என்று அந்த இளைஞர் கேட்டார். அளவுக்கு மீறிக் குறுக்கினால் பொறி சிறுத்து, ஐட்லிங்கில் கலவை சரியாகப் பற்றாது. அங்கே புது மிஸ்ஸிங் தொடங்கும். எஞ்சின் விளக்கு கண் சிமிட்டிக்கொண்டே இருந்தால் அதோடு ஓட்டவும் கூடாது. எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும்.

பெயரை மட்டும் நம்ப முடியாத இடம் இன்னொன்று உண்டு. எஞ்சின் கணினி தீயைப் பார்ப்பதில்லை. கிராங்க் தண்டோடு சுழலும் பல்சக்கரத்தின் வேகத்தைத்தான் அளக்கிறது. ஒவ்வொரு முறை தீப்பற்றும்போதும் தண்டு ஒரு சிறு உந்தல் பெற வேண்டும். அந்த உந்தல் வராவிட்டால் மிஸ்ஃபயர் என்று எழுதிவிடுகிறது. குண்டும் குழியுமான சாலையில் சக்கரங்கள் வழியாக ஏறும் அதிர்வும் சில வேளைகளில் அப்படித் தெரியும். எடை குறைந்த ஃப்ளைவீல் மாட்டிய வண்டிகளில் தண்டின் வேகம் இயல்பாகவே அதிகம் ஏறி இறங்குவதால், எல்லாச் சிலிண்டரும் ஒழுங்காகப் பற்றும்போதும் பி0300 வரலாம். அத்தகைய வண்டியில் பிளக்கையும் காயிலையும் மாற்றிப் பணத்தைக் கரைப்பது வீண். ரீமேப் செய்தவரிடம் வண்டியைத் திரும்ப எடுத்துப்போய், மிஸ்ஃபயரைக் கணக்கிடும் வரம்பைப் புதுச் சக்கரத்துக்கு ஏற்ப எழுதித்தரச் சொல்ல வேண்டும்.